நாலாவது கிராஸ், நம்பர் பதினேழு

மேல்பாறையூர், கிருஷ்ணகிரி மாவட்டம்
10 ஜூன் 2025

தங்கச்சி ஆஞ்சலாவுக்கு அண்ணன் மதலைமுத்து சொல்ல, போஸ்ட் மாஸ்டர் எத்திராஜ் எழுதறது.

நல்லா இருக்கியா? சீனு மாப்ள நல்லா இருக்காரா? எனக்குப் படிப்பு ஏன் ஒட்டலைன்னு உனக்குத் தெரியும். ஒண்ணாங் கிளாஸ் வாத்தியார் சாக்பீஸ் வாங்கிட்டு வாடான்னு அனுப்பினாரு. இன்னும் வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். அதனால நான் வாயால சொல்றத எத்திராஜ் அப்படியே எழுதறாரு. அங்கங்க திருத்தட்டுமான்னு கேட்டாரு. வேணாம், நான் பேசினாத்தான் என் தங்கச்சிக்குக் கேக்கும்னுட்டேன்.

உன் விலாசம் எப்படிக் கெடச்சுதுன்னு கேப்ப. அது ஒரு எலியால வந்துது. அம்மாவோட தகரப் பெட்டிக்குள்ள எலி பூந்துடுச்சு. பெட்டி பூட்டி இருக்கு, ஓட்டையும் இல்ல, எலி மட்டும் உள்ள இருக்கு. ரெண்டு நாள் கதவ சாத்திக்கிட்டு ஒக்காந்தேன். மூணாம் நாள் பெட்டியத் தொறந்தா எலி இல்ல, அது குட்டி போட்ட எடம் இருக்கு. எல்லாம் உன் கல்யாணப் பொடவைத் துண்டும் காகிதமும். அந்தக் காகிதத்துல ஒண்ணு நீ அம்மாவுக்கு எழுதின லெட்டர். பாதியத் தின்னுடுச்சு. விலாசத்தை மட்டும் விட்டு வச்சிருக்கு. நம்பர் 17, நாலாவது கிராஸ், ஈஜிபுரான்னு எத்திராஜ் படிச்சுச் சொன்னாரு. உன் போன் நம்பருக்குப் பண்ணினா இந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னு ஒரு பொம்பள அலுக்காம சொல்லிக்கிட்டே இருக்கா.

விசயத்துக்கு வரேன். கோயிலுக்குப் புது சாமியார் வந்திருக்காரு. சின்ன வயசு, கணக்கா பேசறாரு. போன ஞாயித்துக்கிழமை பூசையில சொல்லிட்டாரு: கல்லறைத் தோட்டத்துல எடம் பத்தல, ஏழு வருசம் தாண்டின மண் குழியில சிலுவை நடாம இருந்தா, கல்லறைத் திருநாள் முடிஞ்சதும் அத தோண்டி வேற ஆள வைப்போம். அம்மா போய் வர்ற ஆகஸ்டோட ஏழு வருசம்.

அம்மாவப் பொதைச்ச அன்னிக்கு நீ கல்லறை மேட்டுல நின்னு சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. "நான் வந்துதான் அம்மாவுக்கு சிலுவை நடணும். அதுவரைக்கும் நீ இந்த மண்ணத் தொடக் கூடாது." சொல்லிட்டு வீட்டுக்குக்கூட வரல, ஒரு வாய் தண்ணி குடிக்கல, வந்த பஸ்ஸுலயே திரும்பிட்ட. நான் தொடல ஆஞ்சலா. புல்லு மொளச்சாக்கூட அடுத்தவங்கள விட்டுத்தான் புடுங்கறேன்.

சிலுவைக்குக் கல்லு சொல்லி வச்சிட்டேன். நவம்பர் ரெண்டாந்தேதி, கல்லறைத் திருநாளுக்கு வா. வந்து நடு.

மதலைமுத்து

*

நம்பர் 17, நான்காவது கிராஸ், ஈஜிபுரா, பெங்களூரு
23 ஜூன் 2025

மதலைமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் என் வீட்டுக்கு வந்தது. உறையின் மேல் இந்த வீட்டு விலாசம் இருந்ததால் பிரித்துவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் தங்கை ஆஞ்சலா இங்கே இல்லை. நான் இந்த வீட்டில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன், அந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் திருப்பி அனுப்புகிறேன். சரியான விலாசம் விரைவில் கிடைக்கட்டும்.

நோரா

*

மேல்பாறையூர்
2 ஜூலை 2025

ஏ ஆஞ்சலா,

நோராவாம்! எத்திராஜ் படிச்சதும் எனக்கு சிரிப்பு தாங்கல. உனக்கு இது சின்ன வயசுலேருந்து வழக்கம்தான். கோவம் வந்தா வேற ஆளாயிடுவ. கெணத்து மேட்டுல மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிப்ப, சாப்பிட வாடி ஆஞ்சலான்னா, "ஆஞ்சலா ஊருக்குப் போயிட்டா, நான் அவங்க அக்கா"ன்னுவ. அம்மா ஒடனே, "அப்படியா அக்கா, நீங்களாச்சும் வந்து சாப்பிடுங்க"ன்னுவாங்க. நீயும் வந்து சாப்பிடுவ. அப்ப பேரு ரோஸ்லின். இப்ப பெரிய ஊருக்குப் போனதும் நோரா ஆயிட்டியா?

சரி, நோராக்காவாவே இருங்க. ஆஞ்சலாகிட்ட சொல்லிடுங்க, கல்லு வந்து வாசல்ல கெடக்குன்னு. மூணரை அடி. நேத்து ஒரு கோழி அது மேல ஏறி நின்னு கூவுது.

ஒரு சந்தேகம். எத்திராஜ் சொல்றாரு, கிராஸ்னா இங்கிலீசுல சிலுவைன்னு அர்த்தமாம். போயும் போயும் ஒரு தெருவுக்கு யாராச்சும் சிலுவைன்னு பேர் வைப்பாங்களா? அதுவும் நாலாவது சிலுவை! நம்ம கோயில்லயே மூணுதான் இருக்கு, ஆண்டவருக்கு ஒண்ணு, கள்ளனுங்களுக்கு ரெண்டு. நாலாவதுல யாரு தொங்கறாங்க? நீதானா? இல்ல நானா?

வெளையாட்டுக்குச் சொன்னேன். பதில் போடு.

அண்ணன்

*

ஈஜிபுரா
12 ஜூலை 2025

மதலைமுத்து அவர்களுக்கு,

நான் ரோஸ்லினும் இல்லை, ஆஞ்சலாவும் இல்லை. இத்துடன் என் புகைப்படம் இருக்கிறது. அறுபத்தெட்டு வயது, சோடாபுட்டிக் கண்ணாடி. உங்கள் தங்கை இப்படி இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். போன் எண் தந்திருப்பேன். எனக்கு இரண்டு காதும் கேட்பதில்லை, அதனால் போன் வைத்துக்கொள்ளவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் படிப்பேன், முடியாவிட்டால் நோட்டுப் புத்தகத்தை நீட்டுவேன். காது போவதற்கு முன் முப்பது வருடம் கண்டோன்மென்ட் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவள்.

ஆகையால் உங்கள் சந்தேகத்துக்கு விடை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெங்களூரில் நீளமாக ஓடும் தெரு மெயின், அதைக் குறுக்கே வெட்டும் தெரு கிராஸ். யாரும் தொங்கவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சிலுவை என்றும் பொருள், குறுக்கே போவது என்றும் பொருள். கோபமாக இருப்பதற்கும் அதே சொல்தான்.

உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. தெருக்கோடி மளிகைக்கடைக்காரரைக் கேட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் இந்தப் பக்கம் இரண்டு தெருக்கள் புதிதாகச் சேர்ந்தபோது எண்களை எல்லாம் மாற்றினார்கள். என் தெரு முன்பு இரண்டாவது கிராஸ். அன்றைய நான்காவது கிராஸ் இன்று ஆறாவது. வீட்டு எண்கள் மாறவில்லை. அந்த எலி காப்பாற்றிக் கொடுத்தது பழைய விலாசம்.

ஆறாவது கிராஸ் பதினேழாம் எண்ணுக்குப் போனேன். எதிர்வீட்டு காந்தா என்ற அம்மாள் என் நோட்டில் கன்னடத்தில் எழுதினார்: "மனெ காலி மாடித்ரு. மூரு வர்ஷா ஆயித்து." வீட்டைக் காலி செய்து மூன்று வருடம் ஆகிவிட்டது. எங்கே போனாள் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் ஆஞ்சலா தைத்த ரவிக்கைகளை மறக்கவில்லை. அவருடைய தமிழை உதட்டில் படித்தேன்: "கிராஸ் கட் பிளவுஸுன்னா ஆஞ்சலாதான் டீச்சர். அவ போனதுலேருந்து நான் புதுசு தெக்கவே இல்ல."

கிராஸ் கட் என்றால் என்ன என்று கேட்டேன். துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டுவதாம். நேராக வெட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும், சாய்த்து வெட்டினால் உடம்போடு கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும் என்றார். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தினேன், இந்தப் பொருள் மட்டும் எனக்குத் தெரியாது.

தேடிப் பார்க்கிறேன். வாக்குக் கொடுக்கவில்லை.

நோரா

*

மேல்பாறையூர்
21 ஜூலை 2025

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

போட்டோவப் பார்த்தேன். மன்னிச்சுக்குங்க. ஏ, வா, போன்னு எழுதிட்டேன். எத்திராஜ் அப்பவே சொன்னாரு, ஒரு படிச்ச பொம்பள எழுத்து மாதிரி இருக்குன்னு. எழுத்துல ஆம்பள எது, பொம்பள எதுன்னு எனக்கு எங்க தெரியும்? எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது.

கோவத்துக்கும் அதே வார்த்தையா! அப்ப எங்க ஆஞ்சலா ஏழு வருசமா கிராஸா இருக்கா. அந்த வார்த்தை எங்க ஊருக்கும் வந்திருக்கு டீச்சரம்மா, எனக்குத்தான் தெரியாமப் போச்சு. நாராயணசாமி ஒரு மாடு வச்சிருக்கான், கிராஸ் மாடு. தாயி நாட்டு மாடு, அப்பன் ஊசி. பன்னெண்டு லிட்டர் கறக்கும், ஆனா வெயில் பட்டா ஒக்காந்துக்கும். அதுக்கு ஒரு பேன் மாட்டியிருக்கான். மாட்டுக்குப் பேனு, அவன் பொண்டாட்டிக்கு விசிறி.

இன்னொரு கிராஸ் கோர்ட்டுல. ஆடு வேலி தாண்டின கேசுல நான் சாட்சி. வக்கீலு வந்து உங்கள கிராஸ் பண்ணுவாருன்னாங்க. நான் என்னமோ ரோடுன்னு நெனச்சேன். அவரு கேக்கறாரு, ஆடு எந்த நெறம்? கறுப்புங்க. எந்தக் காலு மொதல்ல வேலியத் தாண்டிச்சு? ஐயா, நான் பாக்கறப்ப நாலு காலும் அந்தப் பக்கம் இருந்துதுங்க. ஜட்ஜு சிரிச்சிட்டாரு.

அப்பறம் ரயிலு. சின்ன வயசுல மூட்டை தூக்க பெங்களூருக்கு வருவேன். ரயிலு நடுக்காட்டுல நின்னுடும். கிராசிங் போட்டுட்டான்னு எல்லாரும் பொட்டலத்தப் பிரிப்பாங்க. ஒரே தண்டவாளம். ஒண்ணு ஒதுங்கி நின்னாத்தான் இன்னொண்ணு போவும். எது நிக்கறதுன்னு யாரு முடிவு பண்றாங்கன்னு அப்ப யோசிப்பேன்.

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போறேன். தேடுங்க டீச்சரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அம்மா வருசத் திதி ஆகஸ்டு பதினாலு. அன்னிக்காவது ஒரு தகவல் வருமான்னு பாத்துக்கிட்டு இருப்பேன்.

மதலைமுத்து

*

ஈஜிபுரா
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதலைமுத்து,

உங்கள் தங்கை கிடைத்துவிட்டாள். ஆனால் இந்தக் கடிதம் உங்களைச் சந்தோஷப்படுத்தாது.

காந்தாவின் நாத்தனார் அல்சூரில் ரவிக்கை தைக்கக் கொடுப்பதாக ஒரு பேச்சு வந்தது. அவர் உடுத்தியிருந்த ரவிக்கையைப் பார்த்ததும் காந்தா கண்டுபிடித்துவிட்டார், "இது அவ கைதான்!" என்று. பஸ் பிடித்துப் போனேன். ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ஆள் குறுக்கே படுத்தால் நிரம்பிவிடும் கடை. தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் உதடுகளுக்கு நடுவே நான்கைந்து குண்டூசிகள். அந்த வாயை என்னால் படிக்க முடியவில்லை. நோட்டை நீட்டினேன். "உங்கள் அண்ணன் மதலைமுத்துவின் கடிதத்தோடு வந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தேன்.

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பந்தில் குத்தினாள். பிறகு பேசினாள்.

"எங்க அண்ணனுக்கு எழுதவே தெரியாதே."

"சொல்லி எழுதியிருக்கிறார்."

"எவ்ளோ நீளம்?"

"மூன்று கடிதங்கள். ஒன்பது பக்கம்."

"அதுல நாலு மணியப் பத்தி இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். உங்கள் அம்மா இறந்த அன்று மூன்று மணிக்கு அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றுவிட்டதாம். உங்களுக்குப் போன் செய்து, வந்துகொண்டிருக்கிறேன், நான் அம்மா முகம் பார்க்காமல் சவப்பெட்டியை மூடாதீர்கள் என்று அழுதாளாம். மடியில் அம்மாவுக்குப் போர்த்த கோடிப் புடவை. நீங்கள் சரி என்றீர்களாம். நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிட்டீர்களாம். அவள் அஞ்சரைக்கு வந்து பார்த்தது மண்ணைத்தானாம்.

நான் உங்கள் கடிதங்களைப் புரட்டினேன். எலி இருந்தது. கோழி இருந்தது. மாட்டுக்குப் பேன் இருந்தது. நாலு மணி இல்லை.

"அப்ப அவர் இன்னும் எனக்கு ஒண்ணும் எழுதல டீச்சர்" என்றாள். "எதுக்கு மூடினார்னு சொல்லட்டும். சிலுவையப் பத்தி அதுக்கப்பறம் பேசலாம். அம்மா இருக்கற எடம் போனா எனக்கும்தான் வலிக்கும். ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி அவர் பக்கத்துல நின்னு மெழுகுவத்தி ஏத்த என்னால ஆவாது."

விலாசத்தை உங்களுக்குக் கொடுத்தால் இந்தக் கடையையும் காலி செய்துவிடுவேன் என்றாள். ஆனாலும் உங்கள் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டாள். சீனு நன்றாக இருக்கிறார். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஷட்டில் வண்டி ஓட்டுகிறார்.

கேள்வியை நான் கொண்டுவந்திருக்கிறேன். பதில் உங்களிடம் இருக்கிறது.

நோரா

*

மேல்பாறையூர்
8 செப்டம்பர் 2025

டீச்சரம்மா,

அவ உயிரோட இருக்கா, தெக்கறா, ஊசிய இன்னும் வாயிலதான் வச்சிருக்கா. அது போதும் எனக்கு. அம்மா திட்டுவாங்க, முழுங்கிடப் போறடின்னு.

நாலு மணிக்கு என்ன ஆச்சுன்னா, மழை. மேக்க கறுத்துக்கிட்டு வந்துது. எங்க ஊரு மழையப் பத்தி உங்களுக்குத் தெரியாது, குழியில தண்ணி நின்னுடும். ஒரு தடவ சவரிமுத்து தாத்தாவுக்குத் தோண்டின குழியில தண்ணி நின்னு, பெட்டி மெதந்து, நாலு பேரு மேல ஒக்காந்து அமுத்தினோம். அதுல ஒருத்தன் அவருக்குக் கடன் குடுத்தவன், அவன்தான் நல்லா அமுத்தினான்.

அதோட சாமியாருக்கு வேற ஊர்ல ஒரு புது வீடு மந்திரிக்கற வேலை இருந்துது. தூக்கற ஆளுங்களும் சந்தைக்குப் போவணும்னாங்க. நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்? இத அவகிட்ட சொல்லுங்க. கல்லுல அம்மா பேரு வெட்டியாச்சு. எழுத்து நல்லா வந்திருக்குன்னு எத்திராஜ் சொல்றாரு.

மதலைமுத்து

*

ஈஜிபுரா
17 செப்டம்பர் 2025

அன்புள்ள மதலைமுத்து,

இந்தக் கடிதத்தை நான் உங்கள் தங்கையிடம் காட்டவில்லை.

தாமதமாக வரும் பிள்ளைகளிடம் முப்பது வருடம் காரணம் கேட்டவள் நான். பஸ் வரவில்லை, மழை பெய்தது, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று சொல்கிற பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். தூங்கிவிட்டேன் என்று சொல்கிற பிள்ளை ஒரே ஒரு காரணம்தான் சொல்லும்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

நோரா

*

மேல்பாறையூர்
29 செப்டம்பர் 2025

ஆஞ்சலா,

இத டீச்சரம்மா உன்கிட்ட குடுப்பாங்க. நேரா உனக்குத்தான் சொல்றேன்.

மழை இல்ல. சாமியார் இருக்கேன்னுதான் சொன்னாரு. தூக்கறவங்க, "தங்கச்சி வரட்டும்ணா, நாங்க இருக்கோம்"னாங்க. எல்லாரும் நிக்கத் தயாரா இருந்தாங்க. நான்தான் மூடுங்கன்னேன்.

அம்மா படுத்த நாலு மாசமும் நான் தனியா பார்த்தேன். பீ துணி நான் அலசினேன், கஞ்சி நான் ஊத்தினேன். நீ ரெண்டு தடவ வந்த, ரெண்டு தடவயும் சாயங்காலமே கெளம்பிட்ட. உனக்குத் தையல் வேலை, கல்யாண சீசன், வீட்டுல கஷ்டம், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அம்மா உன் பேரத்தான் சொன்னாங்க. நான் ஊட்டறப்பவும் ஆஞ்சலா ஆஞ்சலான்னாங்க. கடைசி நாள் என்னைப் பார்த்து, "நீ யாருப்பா?"ன்னு கேட்டாங்க.

மூணு மணிக்கு நீ போன்ல அழுதப்ப சரின்னுதான் சொன்னேன். நாலு மணிக்கு பெட்டிக்கிட்ட நின்னேன். ஒண்ணு தோணிச்சு. இத்தினி நாள் நான் தனியா பார்த்தேன், நானே தனியா அனுப்பறேன். அவ லேட்டாவே வரட்டும். நீ லேட்டா வரணும்னு நெனச்சு மூடினேன் ஆஞ்சலா. ஆணி அடிக்கறப்பவே தப்புன்னு தெரிஞ்சுது. நிறுத்தல.

இத ஏழு வருசமா யாருகிட்டயும் சொல்லல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லல. எத்திராஜ் எழுதறத நிறுத்திட்டு எழுந்து வெளிய போயிட்டு வந்து மறுபடி ஒக்காந்தாரு.

வேற கதை இல்ல.

மதலைமுத்து

*

ஈஜிபுரா
14 அக்டோபர் 2025

அன்புள்ள மதலைமுத்து,

போன வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது, கடை நிறைய துணி. ஆஞ்சலா ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டே நின்றபடி படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துப் படித்தாள். பிறகு மெஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையின் கையை முழுவதும் தைத்து முடித்தாள். நான் முக்காலியில் இருந்தேன். ஒரு மணி நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு ஊசிகளை எடுத்தாள்.

"அம்மா அவரை யாருன்னு கேட்டாங்களா?" என்றாள். "எனக்கு அது தெரியாதே டீச்சர். நான் வந்தப்ப என்னைப் பார்த்து, முத்து சாப்பிட்டானான்னுதான் கேட்டாங்க. ரெண்டு தடவயும் அதையேதான் கேட்டாங்க. அவர்கிட்ட சொல்லல நான். சொல்ல நேரமே இல்ல, பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

இதை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

வருவாளா என்று கேட்டேன். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, அதனால் நானும் அப்படி எழுதமாட்டேன். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினாள். ஏழு வருடத்து மடிப்புக் கலையாத கோடிப் புடவை, நீலக் கரை. நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "சிலுவை மூணரை அடின்னு எழுதியிருந்தாரே, குறுக்குக் கை எவ்ளோ அகலம்னு கேளுங்க."

அளவை எழுதி அனுப்புங்கள்.

நோரா

*

மேல்பாறையூர்
5 நவம்பர் 2025

டீச்சரம்மாவுக்கு மதலைமுத்து சொல்லிக்கொள்வது.

நீங்களும் வருவீங்கன்னு பார்த்தேன். முட்டிவலின்னு ஆஞ்சலா சொன்னா. முட்டிவலிக்கு எங்க நாராயணசாமி ஒரு எண்ணெய் காச்சுவான், அது அவன் மாட்டுக்குக் காச்சினது, ஆனா கேக்கும். அத அப்பறம் சொல்றேன்.

ரெண்டாந்தேதி காலையிலயே கல்லறைத் தோட்டத்துல கூட்டம். எல்லாரும் சுண்ணாம்பு அடிச்சு, செவந்தி போட்டு, மெழுகுவத்தி நட்டுட்டாங்க. நம்ம குழி மட்டும் சும்மா கெடக்கு. பக்கத்துல கல்லு சிலுவை படுத்திருக்கு. தூக்க நாலு பேரு. சிமெண்டு குழைச்சு வச்சாச்சு. ரெண்டு மணிக்குச் சாமியார் மந்திரிக்க வராருன்னு ஏற்பாடு.

ரெண்டு ஆச்சு, அவ வரல. மூணு மணிக்கு எத்திராஜ் போனுக்கு மாப்ள பேசினாரு. அத்திப்பள்ளியில அவ வர்ற பஸ்ஸு நகரலையாம். அதே எடம் டீச்சரம்மா.

மூணரைக்குக் கொத்தனார், "சிமெண்டு இறுகுது"ன்னாரு. கொட்டுங்க, வேற குழைக்கலாம்னேன். நாலு மணிக்குச் சாமியார் வாச்சப் பார்த்தாரு. சின்னப் பையன்தானே, நாலு ஊரு போவணும் அவருக்கு. "முத்து, எல்லா கல்லறையும் மந்திரிச்சாச்சு. நட்டுடலாமே, தங்கச்சி வந்து கும்பிட்டுக்குவாங்க"ன்னாரு. "சாமி, நீங்க போறதுன்னா போங்க. மந்திரிப்பு இன்னொரு நாள் நடக்கட்டும். சிலுவை அவ வந்துதான்"னேன். அவரு என் மூஞ்சப் பார்த்தாரு. என்ன நெனச்சாரோ, ஒரு கல்லு மேல ஒக்காந்துட்டாரு. கதை சொல்லுன்னாரு. ஆடு வேலி தாண்டின கேச சொன்னேன். நாலு தூக்கறவங்களும் ஒக்காந்து கேட்டாங்க. கோர்ட்டு முடிஞ்சதும் எலி, எலி முடிஞ்சதும் சவரிமுத்து தாத்தா பெட்டி மெதந்தது. என் வாயி அன்னிக்கு ஒண்ணுத்துக்கு ஆச்சு.

இருட்டிக்கிட்டு வர்றப்ப மேட்டுல ஒரு ஆளு ஏறிச்சு. தலை கொஞ்சம் நரைச்சிருக்கு. நடை மாறல. கையில பொட்டலம். நேரா குழிக்கு வந்தா. படுத்திருக்கற சிலுவையப் பார்த்தா, காஞ்சுபோன சிமெண்டப் பார்த்தா, சுத்தி ஒக்காந்திருக்கறவங்களப் பார்த்தா. கடைசியிலதான் என்னைப் பார்த்தா.

"மணி ஆறாவப் போவுது. இன்னுமா நடல?"

"நீ வரலையே."

அவ கொத்தனாரப் பார்த்து, "புதுசா குழைங்கண்ணா"ன்னா. நாலு பேரு தூக்கினாங்க, அவ சிலுவையோட ஒரு கைய புடிச்சா, இன்னொரு கைய புடின்னு எனக்குக் கண்ணக் காட்டினா. ஏழு வருசம் கழிச்சு அந்த மண்ணத் தொட்டேன். நட்டதும் பொட்டலத்தப் பிரிச்சா. கோடிப் பொடவைய சிலுவைக்குச் சட்டை மாதிரி தெச்சுக் கொண்டாந்திருக்கா டீச்சரம்மா, தலையில மாட்டினா ரெண்டு கையிலயும் சுருக்கமில்லாம எறங்கிச்சு. சாமியார் போனு வெளிச்சத்துல மந்திரிச்சாரு.

என்னை மன்னிச்சாளா இல்லையான்னு நான் கேக்கல. காலையில மொத பஸ்ஸுல போறேன்னு சொல்லிட்டா. எத்திராஜ் கேக்கறாரு, லெட்டர எப்படி முடிக்கறதுன்னு. இப்படி முடிங்கன்னேன்: அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தா. வாசப்படியில ஒக்காந்தா. சொம்புல தண்ணி குடுத்தேன். முழுசா குடிச்சா.

மதலைமுத்து